பவர் பெட்டி நல்லதுதானே?

“சித்தி, எங்கிட்ட 1,200 வெள்ளி இருக்கு. கேம் விளையாட ஒரு கணினி வாங்கணும். நீங்கதான் கூட வரணும்.”

டிசம்பரில் ஒருநாள், காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு ஒலிபரப்பு அறையை விட்டு வெளியே வந்தபோது அக்கா மகனிடமிருந்து வந்திருந்த குரல் பதிவு இது. வயது 16. ‘ஓ’ நிலைத் தேர்வு முடிந்த கையோடு ஒரு பபிள் டீ கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மணிக்கு 9 வெள்ளி 50 காசு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1,200 வெள்ளி என்றால் ஏறக்குறைய 126 மணி நேரம் கால் கடுக்க நின்று சம்பாதித்த பணம்.

அடுத்த ஐந்தாவது நிமிடத்தில் அக்காவின் அழைப்பு. “நீயும் சேர்ந்துக்கிட்டு அவனைக் கெடுக்காதே!”

அக்காவின் கவலை எனக்குப் புரிந்தது. ஆனால் எனக்கு வேறொரு கவலை. அந்த 126 மணி நேரத்தை யாராவது அவனிடமிருந்து ஐந்தே நிமிடத்தில் பறித்துவிடக் கூடாது.

காரணம் இருக்கிறது. 2001-ஆம் ஆண்டு, எனக்கு 12 வயது. வீட்டில் கணினி இல்லாத குறையைத் தீர்க்க அப்பா ஒரு கடையில் தவணைக்கு ஒன்று வாங்கினார். மாதம் 80 வெள்ளி, 24 மாதம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளைக் காட்டினார். ஒன்று சாதாரணம். மற்றொன்றில் முன்பக்கம் நீல விளக்கு எரிந்தது, பெரிய ஒலிபெருக்கி வேறு இலவசம். நான் விளக்கெரிந்ததைக் கைகாட்டினேன். அப்பா சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஒன்பதாவது மாதம், நான் வீட்டுப்பாடம் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது ‘பட்’ என்று ஒரு சத்தம். பின்பக்கத்திலிருந்து கருகிய வாடை. உள்ளேயிருந்த மட்டமான மின்வழங்கி வெடித்து, தாய்ப்பலகையையும் கையோடு கொண்டுபோயிருந்தது. வாங்கிய இடத்துக்குப் போனால் அந்தக் கடையே இல்லை. செத்துப்போன கணினிக்கு அப்பா மேலும் 15 மாதம் தவணை கட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் அந்த நீல விளக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே அக்கா மகனிடம் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். “வரேன். ஆனா விளக்கை நான் கடைசியாத்தான் பார்ப்பேன்.”

‘ஐ5’ என்பது பெயர், வயது அல்ல

அவன் முன்கூட்டியே ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தான். இணையத்தில் பார்த்த ‘கேமிங் பேக்கேஜ்’. விலை 1,199 வெள்ளி. கண்ணாடிப் பெட்டி, ஆறு வண்ண விசிறி. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில்: ஐ5, 16 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 3050, 600 வாட்.

“எந்த ஐ5?” என்று கேட்டேன். விழித்தான். விற்பவருக்குச் செய்தி அனுப்பிக் கேட்கச் சொன்னேன். ஐ5-10400எஃப் என்று பதில் வந்தது. அது 2020-இல் வெளிவந்த சில்லு. ‘ஐ5’ என்பது குடும்பப் பெயர் மாதிரி. தாத்தாவும் ஐ5, பேரனும் ஐ5. பின்னால் வரும் எண்ணைப் பார்த்தால்தான் யாரென்று தெரியும்.

ஆர்டிஎக்ஸ் 3050-இலும் இதே கதைதான். முதலில் 8 ஜிபி நினைவகத்தோடு வந்தது. 2024-இல் அதே பெயரில் 6 ஜிபி வகை ஒன்று வந்தது. நினைவகம் மட்டும் குறையவில்லை, உள்ளே கணக்குப் போடும் பகுதியையும் குறைத்திருந்தார்கள். விளம்பரத்தில் இருந்தது அந்த இளைத்த தம்பிதான். 600 வாட் மின்வழங்கிக்கோ நிறுவனப் பெயரே கிடையாது.

பேக்கேஜ் எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் முழுப் பெயரும் மாடல் எண்ணும் எழுதித் தருபவரிடம் தாராளமாக வாங்கலாம். தர மறுத்தால் அதுவே பதில்.

சிம் லிம் ஏறினோம்

சனிக்கிழமை மதியம் தேக்காவில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, ரோச்சோர் கால்வாயைக் கடந்து சிம் லிம் சதுக்கத்துக்கு நடந்தோம். லிட்டில் இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கட்டடம் பக்கத்து வீடு மாதிரி. 1987-இல் திறந்தது. 2014-இல் ஒரு வியட்னாமியச் சுற்றுப்பயணி, கைப்பேசிக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பித் தரும்படி ஒரு கடை முன் மண்டியிட்டு அழுத காணொளி உலகமெல்லாம் சுற்றியது நினைவிருக்கும். அந்தக் கடைக்காரர் பின்னர் சிறைக்குப் போனார். 2019-இல் மொத்தக் கட்டடமும் 125 கோடி வெள்ளிக்குக் கூட்டு விற்பனைக்கு வந்தது, விலைபோகவில்லை.

இத்தனைக்கும் பிறகு மேல்மாடிகளில் பாகம் பாகமாக விற்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அச்சடித்த விலைப்பட்டியலைத் தாளில் கையில் கொடுக்கும் பழக்கம் சில கடைகளில் இன்னும் தொடர்கிறது. பட்டியல் கையில் இருந்தால் யாரும் வாய்க்கு வந்த விலை சொல்ல முடியாது. மூன்று கடைகளில் பட்டியல் வாங்கினோம். முதல் கடையில் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் விற்பனையாளர் பையனைப் பார்த்தே பதில் சொன்னார். அடுத்த கடைக்கு நகர்ந்தோம்.

எடுத்த எடுப்பில் பாகங்களைப் பார்க்கவில்லை. மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்று அவனிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். என்ன விளையாடப் போகிறாய்? எந்தத் திரையில்?

நண்பர்களோடு ‘வேலோரன்ட்’, தனியாக இருக்கும்போது ‘பிளாக் மித்: வூகோங்’ என்றான். முன்னது சாதாரணக் கணினியிலேயே ஓடும். பின்னது நல்ல வரைகலை அட்டை இல்லாமல் நகராது. திரை? “வீட்டு டிவியிலேயே பார்த்துக்கறேன்” என்றான். அந்த டிவி நொடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்கும். கணினி 150 படம் தயாரித்தாலும் கண்ணுக்கு வருவது 60தான். மீதிக்குக் கொடுத்த காசு காற்றில். அதோடு, டிவி தாத்தாவின் நாடக நேரத்தில் அவருக்கே சொந்தம். ஆக, 24 அங்குலத் திரை ஒன்றும் பட்ஜெட்டுக்குள் வந்தாக வேண்டும். 1080பி, 180 ஹெர்ட்ஸ், 149 வெள்ளி. மிச்சம் 1,051.

நினைவகம் என்னும் கண்டம்

இங்கேதான் முட்டியது.

நான் கடைசியாக 16 ஜிபி ரேம் வாங்கியபோது கொடுத்தது 60 வெள்ளிக்கும் குறைவு. இப்போது பட்டியலில், பழைய டிடிஆர்4 வகையே 150 வெள்ளியைத் தொட்டிருந்தது. புதிய டிடிஆர்5 அதற்கும் மேலே. எழுத்துப் பிழையோ என்று கேட்டதற்கு, “நாளைக்கு வந்தால் இதைவிடக் கூடும்” என்றார் கடை அங்கிள்.

காரணம் நம் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. உலகின் டிராம் நினைவகத்தில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்களுக்கு நினைவகம் மலைமலையாகத் தேவைப்படுகிறது, அவர்களும் கேட்ட விலை கொடுக்கிறார்கள். ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. நம் உட்லண்ட்சிலும் ஆலை வைத்திருக்கும் மைக்ரான், பொதுமக்களுக்கு ‘குரூஷியல்’ என்ற பெயரில் விற்றுவந்த தொழிலிலிருந்தே விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எங்கோ ஒரு இயந்திரம் கவிதை எழுதப் பழகுகிறது. அதற்கு இங்கே ஒரு பையன் கூடுதலாகப் பத்து மணி நேரம் பபிள் டீ குலுக்க வேண்டியிருக்கிறது.

அப்போது எனக்கு என் சாமான் அறை நினைவுக்கு வந்தது.

பல்கலைக்கழகத்தில் ஊடகம் படித்த நாளிலிருந்து ஒலித்தொகுப்பு செய்யும் பழக்கம் உண்டு. 2017-இல் அதற்காகவே வாங்கிய கணினி ஒன்று அங்கே தூங்கிக்கொண்டிருந்தது. ஏழாம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11 அதை ஏற்காது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அப்படியே கொடுத்தால் பையனுக்கு உதவாது. ஆனால் உள்ளே டிடிஆர்4 ரேம் இரண்டு, எட்டும் எட்டும் பதினாறு ஜிபி, நன்றாகவே இருந்தது.

அந்த ரேம் 2400 வேகம். 3200 வாங்கியிருந்தால் சில விளையாட்டுகளில் சில படங்கள் கூடுதலாக ஓடியிருக்கும். “அந்தச் சில படத்துக்கு 150 வெள்ளி கொடுப்பியா?” என்று கேட்டேன். “16 மணி நேரம் சித்தி” என்றான். அவனும் மணிக்கணக்கில் யோசிக்கத் தொடங்கிவிட்டிருந்தான். எனக்கு நிம்மதி.

ரேம் முடிவானதும் மற்றவை தானாக முடிவாயின. ஏஎம்டியின் புதிய ஏஎம்5 வகைக்குப் போனால் நாலைந்து வருடம் கழித்துச் சில்லை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்ற வசதி உண்டு. ஆனால் அதற்கு டிடிஆர்5 கட்டாயம். பழைய ஏஎம்4 வகையில் அந்த எதிர்காலம் இல்லை, ஆனால் என் ரேம் பொருந்தும். 2022-இல் வந்த ரைசன் 5 5600 சில்லுக்கு ஆறு மையங்கள், இந்த விளையாட்டுகளுக்கு இன்றும் போதும். 155 வெள்ளி. பி550 தாய்ப்பலகை 125.

பெரிய பங்கு யாருக்கு?

கேமிங் கணினியில் பணத்தின் பெரும்பங்கு வரைகலை அட்டைக்குப் போக வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆர்டிஎக்ஸ் 5060-ஐக் குறித்து வைத்தோம். 429 வெள்ளி, 8 ஜிபி. நல்ல அட்டைதான். ஆனால் புதிய விளையாட்டுகளில் படத்தின் நுணுக்கத்தைக் கூட்டினால் 8 ஜிபி நிரம்பிவிடுகிறது. நிரம்பினால் படம் விக்கும்.

இன்டெலின் ஆர்க் பி580-இல் 12 ஜிபி, விலையும் குறைவு. ஆனால் ரைசன் 5600 போன்ற சற்றுப் பழைய சில்லுகளோடு சேரும்போது சில விளையாட்டுகளில் அது தன் முழுத் திறனைக் காட்டுவதில்லை. ஜோடிப் பொருத்தம் முக்கியம்!

மூன்றாவதாக ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி. 2025 ஜூனில் வந்தது, 16 ஜிபி. விலை 519. இதிலும் ஒரே பெயரில் 8 ஜிபி வகை இருக்கிறது, கவனம். 90 வெள்ளி கூடுதல். காலையில் அந்தப் பணம் எங்களிடம் இல்லை. சாமான் அறையிலிருந்து வந்த ரேம் மிச்சப்படுத்திய பணம் இங்கே கைகொடுத்தது.

1 டிபி எஸ்எஸ்டி 109. காற்றோட்டமுள்ள சாதாரணப் பெட்டி 55, விளக்கு இல்லை. அவன் அந்தக் கண்ணாடிப் பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான், ஆனால் எதுவும் சொல்லவில்லை.

மின்வழங்கி வாங்கும் இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சில்லு 65 வாட், அட்டை 160 வாட், மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டுக்குள் அடங்கிவிடும். 550 வாட் போதும், 650 நிம்மதி. பெட்டியில் ‘80 பிளஸ்’ என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதற்கான முத்திரை அது, பாதுகாப்புக்கான முத்திரை அல்ல. பெயருள்ள நிறுவனமா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று பாருங்கள். ஐந்தாண்டு உத்தரவாதத்தோடு 650 வாட், 85 வெள்ளி. 45 வெள்ளியிலும் ஒன்று இருந்தது. அதை நான் கையில்கூட எடுக்கவில்லை.

மொத்தம் 1,197 வெள்ளி. காசு கொடுக்கும் முன் பட்டியல் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கிறதா, அட்டையில் கட்டினால் கூடுதல் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 1,200 வெள்ளியில் 9 விழுக்காடு என்பது 108 வெள்ளி. விண்டோஸ் உரிமத்தையும் பலர் கணக்கில் மறந்துவிடுகிறார்கள். அது சித்தியின் பிறந்தநாள் பரிசு என்று முடிவானது. மீதி 3 வெள்ளிக்குத் தேக்காவில் இரண்டு டீ.

ரசீதைக் கிழிக்காதீர்கள்

டீ குடித்துக்கொண்டே அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 2012 செப்டம்பரிலிருந்து இங்கே ‘லெமன் சட்டம்’ நடப்பில் இருக்கிறது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் கருதும். இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரரின் பொறுப்பு. பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். கடைகளில் வாங்கும் பழைய பொருளுக்கும் இது பொருந்தும். ஆனால் கேரசலில் முன்பின் தெரியாத தனிநபரிடம் வாங்கினால் பொருந்தாது. அப்படி வாங்குவதென்றால் அட்டை ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பிரச்சினை முற்றினால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் இருக்கிறது, 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளுக்குச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் முதல் சாட்சி, மாடல் எண் எழுதிய ரசீது.

2001-இல் இந்தச் சட்டம் இல்லை. இருந்திருந்தாலும், அப்பாவின் ரசீதில் ‘கம்ப்யூட்டர் – 1’ என்றுதான் எழுதியிருந்தது.

சாப்பாட்டு மேசையில் ஒரு கணினி

அன்றிரவு ஈசூனில் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாகங்களைப் பரப்பினோம். அக்கா ஒரு வார்த்தை பேசாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா நாடகத்தை நிறுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பையன் காணொளியைப் பார்த்துப் பார்த்துச் சில்லைப் பதித்தான், விசிறியை முடுக்கினான், என் ரேமை ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்தினான். நான் திருப்புளி எடுத்துக் கொடுத்ததோடு சரி.

மூன்று மணி நேரம் கழித்து, பொத்தானை அழுத்தப் போகும் நேரம். அப்பா கேட்டார்.

“பவர் பெட்டி நல்லதுதானே?”

நான் நிமிர்ந்து பார்த்தேன். 24 வருடத்தில் அவர் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல்முறை.

“அஞ்சு வருஷ வாரண்டி, தாத்தா,” என்றான் பையன்.

“அன்னிக்கு நான் அதைக் கேக்கணும்னே தெரியாம வந்துட்டேன்,” என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல்.

“நான்தான்ப்பா விளக்கெரியற பெட்டி வேணும்னு கேட்டேன்.”

“நீ சின்னப் பொண்ணு. கேப்பே.”

பொத்தானை அழுத்தினான். விசிறிகள் சுழன்றன. திரை கறுப்பாகவே இருந்தது. பத்து விநாடி, இருபது விநாடி. பையன் முகத்தில் ரத்தமில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றுவிட்டது. எனக்கு வயிற்றுக்குள் பழைய ‘பட்’ சத்தம் கேட்டது.

பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். திரையின் கம்பியைத் தாய்ப்பலகையில் செருகியிருந்தான். ரைசன் 5600-க்குச் சொந்தமாகப் படம் காட்டும் திறன் கிடையாது, கம்பி வரைகலை அட்டையில்தான் செருகப்பட வேண்டும். கணினி பூட்டும் முதல் நாளில் பலரும் செய்யும் தவறு. கம்பியை மாற்றிச் செருகியதும் படம் வந்தது. கைதட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? அக்கா.

(இன்னொன்று: விண்டோஸ் அமைப்புக்குள் போய்த் திரையை 180 ஹெர்ட்ஸுக்கு மாற்ற மறக்காதீர்கள். பலர் மாதக்கணக்கில் 60-லேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.)

அக்காவின் சட்டம் பிறகு அறிவிக்கப்பட்டது. கணினி கூடத்தில்தான் இருக்கும், படுக்கையறைக்குப் போகாது. இரவு 11 மணிக்கு அணைக்க வேண்டும். பையன் மறுக்கவில்லை. 126 மணி நேரம் உழைத்து வாங்கி, மூன்று மணி நேரம் கையால் பூட்டிய பொருளைப் பற்றி அவன் பேசும் விதமே மாறியிருந்தது. எந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்று அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அப்பா மெல்ல எழுந்து கணினியின் பின்பக்கம் போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மின்வழங்கிக்குப் பக்கத்தில் முகர்ந்து பார்த்தார்.

“வாடை ஒண்ணும் வரல,” என்றார். நாடகத்தை மறுபடி போடச் சொன்னார்.